பக்கத்து சீட்டுக் கால்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். காலை நேரம், பெரிய சந்திப்பு, பின்னால் வரிசையாக பஸ்கள். வண்டியை ஓட்டியது வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், கற்றுக்கொள்ள வந்து மூன்றாவது நாள். பச்சை விழுந்ததும் கிளட்சைப் பட்டென்று விட்டுவிட்டாள். வண்டி ஒரு குதி குதித்து அப்படியே நின்றுபோனது. சரியாக அந்த நேரம் பார்த்து முதலாளி எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டு நிற்க வேண்டுமா? நின்றிருந்தார்.

சாயங்காலம் கூப்பிட்டு உட்காரவைத்து, கத்தாமல் – அதுதான் எரிச்சல் – நிதானமாகச் சொன்னார். "கத்துக்கறவங்க ஆயிரம் தப்பு பண்ணுவாங்க. ஆனா வண்டி நிக்கக் கூடாது. மேல இருக்கற போர்டுல என் பேரு இருக்கு, அது நடுரோட்டுல நின்னா ஊரே பாக்கும். அதுக்குத்தான உன் பக்கத்துலயும் ஒரு கிளட்சு, ஒரு பிரேக்கு போட்டுக் குடுத்திருக்கேன்?"

சரிங்க சார் என்றேன். இத்தனை வருஷமாக அந்த இரண்டு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் வீடு வரும்போது வழக்கம்போல வலது கால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. டிரைவர் பிரேக் போடும் இடத்துக்குச் சற்று முன்னாலேயே நான் போட்டுவிடுகிறேன். பக்கத்தில் இருந்தவர் என் காலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல், ஒரே ஒரு வண்டி, சொல்லிக்கொடுப்பதும் நான்தான், போன் எடுப்பதும் நான்தான் என்று கையை ஆட்டி ஆட்டி நான் முடிக்கும்வரை மடித்துக்கொண்டே இருந்தாள். என் சட்டை ஒன்றை மடித்து மேலே வைத்துவிட்டு, "கேக்கறீங்களா, சொல்றீங்களா?" என்றாள்.

கேட்கிறேன் என்றேன். பொய். மனதுக்குள் போர்டே எழுதி முடித்துவிட்டேன், என்ன கலர் என்பது உட்பட. அது அவளுக்கும் தெரியும்.

ஏன் விட வேண்டும் என்று கேட்டாள். திட்டு வாங்குவதாலா? அது மட்டும் இல்லை. எங்கள் இடத்தில் டெஸ்டில் தோற்றால் இன்னும் பத்து கிளாஸ் போக வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். ஜெயித்தவன் போய்விடுவான், தோற்றவன் திரும்பி வருவான். முதலாளிக்கு யார் மேல் பிரியம் இருக்கும்? நான் சொல்லிக்கொடுத்தவர்களில் எத்தனை பேர் இன்றைக்கு நிஜமாகவே ஓட்டுகிறார்கள் என்று எனக்கே தெரியாது. இதைச் சொன்னபோது அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

கடைசியில் சொன்னாள்: "ஆறு மாசம் என் சம்பளத்துல வீடு ஓடும். அதுக்குள்ள உங்க வண்டி வீட்டுக்கு ஏதாவது கொண்டு வரணும். இல்லன்னா பேசாம வேலைக்குத் திரும்பிடணும். வீம்பு பிடிக்கக் கூடாது. சம்மதமா?"

அவளுக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. கெடு வைத்துப் பேசிப் பேசிப் பழக்கம். சம்மதம் என்றேன். உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள், அப்பா சொந்தக் காலில் நிற்கப் போகிறார் என்று சத்தமாக அறிவித்தாள்.

மார்ச் 17, திங்கள்

முதலாளியிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்து, பதிலெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். சிரித்தார். டீ வரவழைத்தார். "போய்ட்டு வா" என்றார் – ஏதோ ஒரு வாரம் லீவு கேட்டவனுக்குச் சொல்வதுபோல.

மார்ச் 31, திங்கள்

சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கை லேசாக இருந்தது. பிடிக்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

வண்டி வந்துவிட்டது. பழசுதான், ஆனால் நல்ல கை பார்த்த வண்டி. ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மச்சினன் என் பக்கத்துக்கு கிளட்சும் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தான். கூலி வேண்டாம் என்றான். "மாமா, முதல்ல நீங்க ஜெயிங்க, அப்புறம் பாக்கலாம்." அவன் அக்காவின் சேமிப்பில் பாதி இந்த வண்டியில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஸ்டியரிங்கைத் தொடும்போதெல்லாம் தெரிகிறது.

போர்டில் என் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதச் சொன்னேன்: "டெஸ்டில் தோற்றால் மறுபடியும் இலவசமாகக் கற்றுத் தருவோம்."

இவள் அதைப் படித்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். எல்லாரும் தோற்றுவிட்டால் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டாள். இத்தனை வருஷ அனுபவம், ஒருத்தர் தோற்பதா என்று மார்தட்டிக்கொண்டேன். ரொம்பத்தான்.

ஏப்ரல் 12, சனி

போன் அடித்தது. ராங் நம்பர்.

ஏப்ரல் 16, புதன்

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவன்போல ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடக்கிறேன். வண்டியை மூன்று முறை துடைத்துவிட்டேன், இனித் துடைத்தால் பெயிண்ட் வந்துவிடும். மத்தியானம் சாப்பிடும்போது மேஜைக்கு அடியில் மகளின் காலை மிதித்துவிட்டேன்போல. "அப்பா, அது பிரேக் இல்ல, என் கால்" என்றாள்.

விட்டது தப்போ? அங்கே இருந்தால் இந்நேரம் காலை கிளாஸ் எல்லாம் முடித்துவிட்டு டீக்கடையில் நின்று முதலாளியைத் திட்டிக்கொண்டிருப்பேன். அதுவும் ஒரு சுகமாகத்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஏப்ரல் 21, திங்கள்

முதல் ஆள் வந்துவிட்டார்!

நர்ஸ். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். நான் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறேன். ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்த்துப் பார்த்து உடம்பு விட்டுப்போய்விட்டதாம். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை ஒன்று கிடைத்திருக்கிறது, பகல் வேலை, வண்டியும் அவர்களே தருவார்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஜூன் முடிவதற்குள் லைசென்ஸ் வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள்.

போர்டைப் பார்த்துத்தான் வந்தேன் என்றார். தோற்றால் இலவசம் என்று சொல்கிறவருக்குத் தன் மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும் என்று நினைத்தாராம். நான் போர்டைப் பார்த்தேன். எழுத்து அழகாகத்தான் இருந்தது.

சாவியைத் திருப்பும்முன் வண்டியிடம் மெதுவாக ஒன்று சொன்னார். என்ன என்று கேட்டேன். "ஊசி போடறப்ப சொல்றதுதான் சார். வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்னு."

மே 2, வெள்ளி

இப்போது மூன்று பேர். சிஸ்டர், அடுத்த தெருவில் இருக்கும் ரிட்டயர்டு தபால்காரர், அப்புறம் ஒரு கல்லூரிப் பெண். போன் தினம் அடிக்கிறது. தபால்காரர் வாழ்நாள் முழுக்க சைக்கிளிலேயே போனவர், திரும்பும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டுகிறார். கல்லூரிப் பெண்ணுக்கு எல்லாமே விளையாட்டு. சிஸ்டர்தான் கெட்டி. கை நடுங்குவதே இல்லை.

ஒன்று எழுதி வைக்க வேண்டும். இன்றுவரை என் வண்டி ஒரு முறைகூட ரோட்டில் நின்றதில்லை. மூன்று பேருமே புதியவர்கள், ஆனாலும் நிற்கவில்லை. முதலாளி பார்க்க வேண்டும் இதை.

மே 19, திங்கள்

சிஸ்டர் தோற்றுவிட்டார்.

எங்கே தோற்றார் என்பதுதான் புரியவில்லை. டெஸ்ட் மைதானத்தில் ஒரு மேடு இருக்கிறது. பாதி ஏறி நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். அவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. தினம் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஏற்றத்தில் வெண்ணெய்மாதிரி ஏற்றியவர். அதிகாரி என் சீட்டில் உட்கார்ந்துகொண்டார், மடியில் ஃபைல், கால் இரண்டையும் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு. நான் வேலிக்கு வெளியே நின்றேன். மேட்டில் நின்றது, எடுத்தார், அணைந்தது. மறுபடி எடுத்தார், அணைந்தது. மூன்றாவது முறை பின்னால் உருண்டது.

வண்டியிலிருந்து இறங்கியவர் என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தார். பயத்தில் அப்படி ஆகிவிடும், அடுத்த முறை சரியாகும் என்றேன். நானும் சிரிக்க முயற்சி செய்தேன்.

மே 20, செவ்வாய்

வண்டியில்தான் கோளாறு. வேறென்ன? மச்சினனிடம் கொண்டுபோய் விட்டேன். கிளட்ச், கேபிள், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றான். சரியாகப் பார் என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன். கூலி வாங்காத ஒருத்தனிடம் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஜூன் 2, திங்கள்

தபால்காரர் தோற்றார். கல்லூரிப் பெண்ணும்.

அதே மேடு. அதே மாதிரி அணைந்து அணைந்து. கல்லூரிப் பெண் விளையாட்டையெல்லாம் மறந்துவிட்டு வண்டிக்குள்ளேயே அழுதாள். தபால்காரர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். அது இன்னும் மோசம்.

போர்டில் எழுதியது எழுதியதுதான். நாளையிலிருந்து மூன்று பேருக்கும் இலவசம். காலை முழுக்க இலவசம். பெட்ரோல் மட்டும் இலவசம் இல்லை.

ஜூன் 5, வியாழன்

இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், வரவில்லை. போன் செய்தால், யோசிச்சு சொல்றோம் என்கிறார்கள். கற்றுக்கொண்ட எல்லாரும் கோட்டை விட்ட ஸ்கூல் என்று பெயர் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? இங்கே தும்மினால் அடுத்த தெருவில் மாத்திரை வாங்குகிறார்கள்.

இரவெல்லாம் புரண்டுகொண்டே இருக்கிறேன். கால் தூக்கத்திலும் மிதிக்கிறதாம். இவள் நடுவில் ஒரு தலையணையை வைத்துவிட்டாள்.

இன்று முதலாளி போன் செய்தார். நலம் விசாரித்தார். எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறார், ஆனால் ஒன்றையும் குத்திக் காட்டவில்லை. உன் சீட் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, இந்த மாதம் முடிவதற்குள் சொல் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்தபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் அவமானமாக இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

சிஸ்டர் மறுபடி தோற்றார்.

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். ரொம்ப நேரம் அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம் கேட்டார். குத்தலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சார், ஒரு சந்தேகம். நான் ஓட்டறப்ப கிளட்ச் பெடல் தானா இறங்கிக் குடுக்குமே, நான் மிதிக்கறதுக்கு முன்னாடியே. விடறப்பவும் தானா மெதுவா மேல வரும். நல்ல வண்டிக்கெல்லாம் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். டெஸ்ட்ல மட்டும் ஏன் சார் அது இறங்க மாட்டேங்குது?"

நான் வண்டியை அவர் தெருவுக்குள் திருப்பினேன்.

அவரை வீட்டில் இறக்கிவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்து கிளட்சை மிதித்தால் அவர்கள் பக்கத்து கிளட்சும் இறங்கும். மச்சினன் அப்படித்தான் பொருத்தியிருக்கிறான். எல்லா ஸ்கூல் வண்டியிலும் அப்படித்தான். யாரு மிதிச்சது? நானா? எப்போ? எனக்குத் தெரியாமலா?

ஜூன் 10, செவ்வாய்

இல்லை. இருக்காது. எனக்குத் தெரியாமல் என் கால் எப்படிப் போகும்? எப்போதும் தொல்லை கொடுப்பது வலது கால்தான், பஸ்ஸிலும் படுக்கையிலும் பிரேக் போடுகிறதே, அது. கிளட்ச் இடது கால். அது பாட்டுக்குச் சும்மா கிடக்கிறது. வீட்டில் யாரும் அதைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

இவளிடம் சொன்னேன். "சொந்தக் கால்ல நிக்கப் போறேன்னு கெளம்பினீங்க. இப்ப அடுத்தவங்க கால்லயும் சேத்து நிக்கறீங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்கு என்ன தெரியும், வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் இவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். அன்று நான் வண்டியில் வீடு வந்தேன், இவள் பஸ்ஸில் வந்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுத்ததில்லை. இன்றும் எழுந்து போய்விட்டாள்.

ஜூன் 11, புதன்

மகளின் யோசனை. அவள் குழந்தையாக இருந்தபோது குளிக்கையில் வைத்துக்கொண்டு விளையாடிய ரப்பர் வாத்து ஒன்று அலமாரியில் கிடந்தது. அமுக்கினால் கீக் என்று கத்தும். அதை என் கிளட்ச் பெடலின் மேல் டேப் போட்டு ஒட்டிவிட்டாள். "உங்க கால் போனா அது சொல்லிடும்ப்பா. நீங்க சொல்ல வேணாம்." பிரேக்கைத் தொடவில்லை, அது எனக்கு வேண்டும்.

சிஸ்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். வீட்டு வாசல் தாண்டவில்லை, கீக். முதல் திருப்பம், கீக். வேகத்தடை, கீக் கீக். எதிரே ஒரு லாரி, கீக். நான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். சிக்னல் வந்ததும் அது தானாக முன்னால் போய்விட்டது, கீக். சிஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். பாதியில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

இத்தனை வருஷமும் இப்படித்தானா? வண்டி நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று கேட்டுக் கேட்டு, காது வழியாகப் போனது காலில் இறங்கிவிட்டது. வலது காலைத் திட்டிக்கொண்டே இருந்தேன். சாதுமாதிரி இருந்த இடது கால்தான் எல்லாருடைய வண்டியையும் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த இடத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன் என்று நினைத்தேன். எங்கே வந்தேன்? முதலாளியைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஜூன் 14, சனி

இன்று இடது காலை மடக்கித் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மரத்துப்போனது. பரவாயில்லை.

வாத்து கத்தவில்லை. வண்டி நின்றது. சும்மா நிற்கவில்லை – தெரு முனையில் நின்றது, பள்ளிக்கூட வாசலில் நின்றது, கடைசியில் அந்தப் பெரிய சந்திப்பின் நட்டநடுவில், ஒரே பச்சைக்குள் மூன்று முறை நின்றது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். மேலே என் பெயர் போட்ட போர்டு. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. மடக்கிய கால் துடிக்கிறது, எடுத்து வைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறது. ஒரு மிதி, ஒரே ஒரு மிதி போதும், எல்லாம் சரியாகிவிடும்.

வைக்கவில்லை.

"சிஸ்டர், நின்னா ஒண்ணும் ஆகாது. ஹேண்ட் பிரேக் போடுங்க. நியூட்ரல். சாவி. அவங்க அடிக்கட்டும்" என்றேன். சொல்லும்போதே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நின்றுபோன வண்டியை எப்படி எடுப்பது என்று நான் இதுவரை யாருக்கும் சொல்லிக்கொடுத்ததே இல்லை. நிற்க விட்டால்தானே? தப்பித் தவறி நின்றாலும் நானே எடுத்துவிடுவேன்.

நாலாவது முறை எடுத்துவிட்டார்.

சாயங்காலம் முதலாளி போன் செய்தார். பார்த்தாராம். அவர் டீ குடிக்கிற நேரம் அது, எனக்குத்தான் மறந்துவிட்டது. "என்னப்பா, உன் போர்டு இப்படி நடுரோட்டுல நிக்குது?" குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. அவருக்குத் தெரிந்த தொழில் அதுதான். மாதக் கடைசிவரை பொறுத்திருப்பதாக மறுபடி சொன்னார்.

ஜூன் 18, புதன்

கல்லூரிப் பெண் நடுரோட்டில் இறங்கி, நீங்களே ஓட்டுங்க என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். பிறகு அவளே திரும்பி வந்தாள். தபால்காரருக்கு வாத்தை ரொம்பப் பிடித்துவிட்டது, ஏறும்போது அதற்கு ஒரு வணக்கம் வைக்கிறார்.

ஜூன் 23, திங்கள்

நாளை சிஸ்டருக்கு டெஸ்ட். இந்த மாதத்துக்குள் இனி தேதி இல்லை.

இதுவும் போனால் அவருக்கு மறுபடி இரவு டியூட்டி. எனக்கு மறுபடி சரிங்க சார். இவள் கெடு செப்டம்பர் வரை இருக்கிறது, ஆனால் ஆளே வராத வண்டிக்குக் கெடு இருந்து என்ன பயன்? முதலாளி சீட் நிரம்பிவிட்டால் அதுவும் இல்லை. நாளை சாயங்காலம் அவருக்கு ஒரு பதில் சொல்லிவிட வேண்டும், இதற்கு மேல் முடியாது. சாப்பிட முடியவில்லை. இவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அவங்க ஓட்டுவாங்க. நீங்க வேலிக்கு வெளிய சும்மா நிக்கறீங்களான்னு பாப்போம்" என்றாள். அன்றைக்கு நான் கேட்ட கேள்விக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசியது இப்போதுதான். மன்னிச்சுக்கோ என்றேன். ம் என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

மேட்டில் நின்றார். எடுத்தார். அணைந்துவிட்டது.

வேலியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது வண்டி அதே இடத்தில் இருந்தது. உருளவில்லை, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறார். உள்ளே அவர் உதடு அசைவது தெரிந்தது. வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரி. சாவியைத் திருப்பினார். வண்டி நிதானமாக மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கிப் போனது.

அதிகாரி இறங்கும்போது சொன்னாராம்: "நின்னதும் பதறாம எடுத்தீங்களே, நல்லா பழகியிருக்கீங்க." நல்லா நின்னு பழகியிருக்கேன் சார் என்றாராம் சிஸ்டர். என்னிடம் சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அழுதேன்.

கீழே பார்த்தால் வேலியோரம் என் வலது கால் இருந்த இடத்தில் மண் குழிந்திருந்தது. இடது கால் பக்கம் புல் அப்படியே இருந்தது.

ஜூன் 30, திங்கள்

முதலாளிக்கு அன்றைக்கே பதில் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. இன்று போன் செய்து வரவில்லை என்றேன். நல்லா இரு என்றார். முன்பு போய்ட்டு வா என்றவர்.

போர்டில் அந்த வரியை அழிக்கவில்லை. கீழே இன்னொரு வரி சேர்க்கலாமா என்று யோசனை: "வண்டி நிற்கும். பரவாயில்லை." இவள் வேண்டாம் என்கிறாள்.

ஜூலை 13, ஞாயிறு

தபால்காரரும் ஜெயித்துவிட்டார், கை நீட்டாமல். கல்லூரிப் பெண் தன் தோழிகளைக் கூட்டி வந்திருக்கிறாள். அவர்களுக்கு வாத்தைப் பார்க்க வேண்டுமாம்.

மத்தியானம் இவள் வந்து வாசலில் நின்றாள். கையில் வண்டிச் சாவி.

"எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள். "ஆனா வாத்து இருக்கணும். உங்க வாயிலயும் ஒண்ணு கட்ட முடிஞ்சா நல்லது."

செப்டம்பர் 28, ஞாயிறு

ஆறு மாதம் முடிகிறது. இவள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் வீட்டு வாடகையை நான் கொடுத்தேன். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த மாதத்துக்குக் காலை கிளாஸ் நிரம்பிவிட்டது. ஒரு வயதானவர் வீட்டு வாசலில் சிஸ்டரின் வண்டியைப் பார்த்தேன், நேர்த்தியாக நிறுத்தியிருந்தார்.

இன்று மச்சினன் வீட்டுக்குப் போனோம். பக்கத்து ஊர்தான், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். லைசென்ஸ் வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத இவள்தான் ஓட்டினாள். மகள் பின்னால். நான் பக்கத்து சீட்டில். வாத்தை எடுத்துவிட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

ஊர் எல்லை தாண்டியது ஞாபகம் இருக்கிறது. வெயில் முகத்தில் அடித்ததும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் இவள் தோளைத் தட்டி எழுப்பினாள், "வந்தாச்சு, எறங்குங்க."

பாலத்துக்குக் கீழே வண்டி இரண்டு முறை நின்றுபோய், பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார்களாம். அப்பா எந்திரிக்கவே இல்ல, வாத்தும் கத்தல என்றாள் மகள், ஏதோ நான் பரீட்சையில் பாஸானதுபோல.

அப்படியா என்று கேட்டுக்கொண்டே இறங்கப் போனேன். கால் மண்ணில் பட்டதும்தான் தெரிந்தது, செருப்பு இல்லை. குனிந்து பார்த்தேன். இரண்டும் கதவோரமாகக் கழற்றிக் கிடந்தன. எப்போது கழற்றினேன் என்று நினைவில்லை.